ஜாதிக்காயும் பீரங்கியும்

ஜாதிக்காய் உங்களுக்குத் தெரியும். குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் பாட்டி அதை உரைகல்லில் இரண்டு இழைப்பு இழைத்து நாக்கில் தடவுவார். பிரியாணி மசாலாவில் ஒரு துண்டு சேர்ப்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் ஒரு காய், இரண்டு காய் என்று சில்லறையாகவே கிடைக்கும்.

இந்தச் சிறிய காய்க்காக ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் படை போனது. ஊர்கள் எரிந்தன. ஒரு தீவுக் கூட்டத்தின் மக்கள் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தார்கள். ஐரோப்பாவின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன நாடு உலகத்தின் பெரிய வல்லரசுகளில் ஒன்றாக உயர்ந்தது.

அந்த நாட்டின் பெயர் நெதர்லாந்து. ஹாலந்து என்றும் சொல்வார்கள். தமிழில் அதற்குப் பழைய பெயர் ஒல்லாந்து. அங்கிருந்து வந்தவர்களை ஒல்லாந்தர் என்றார்கள். டச்சுக்காரர்கள் என்றால் எல்லாருக்கும் புரியும்.

இவ்வளவு சின்ன நாடு அவ்வளவு பெரிய சக்தியாக ஆனது எப்படி? அதற்கு விலை கொடுத்தவர்கள் யார்? பார்ப்போம்.

தண்ணீரோடு போராடிய நாடு

உலகப் படம் ஒன்றை விரித்துப் பாருங்கள். ஜெர்மனிக்கு மேற்கே, கடலை ஒட்டி, விரல் நுனியால் மறைத்துவிடக் கூடிய அளவில் நெதர்லாந்து இருக்கும். தமிழ்நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நிலத்திலும் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. கரை கட்டித் தடுக்காவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். அதனால் ஊரார் கூடிக் கரை கட்டினார்கள். காற்றாலை வைத்துத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டார்கள். கூட்டாக வேலை செய்வதும், கூட்டாகச் செலவைப் பகிர்ந்துகொள்வதும் அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கம்பெனி கட்டும்போது இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

நிலம் குறைவு. ஆகவே கடலை நம்பினார்கள். ஹெர்ரிங் என்ற மீனைப் பிடித்து, கப்பலிலேயே உப்பிட்டு, பீப்பாயில் அடைத்து ஐரோப்பா முழுவதும் விற்றார்கள். வடக்கே இருந்து தானியமும் மரமும் ஏற்றி வந்தார்கள். 1590களில் ஒரு புது வகைக் கப்பலைக் கட்டினார்கள். அதன் வயிறு பெரியது. அதை ஓட்டக் குறைந்த ஆட்கள் போதும். ஆட்கூலி குறைந்ததால் மற்றவர்களைவிட மலிவாகச் சரக்கு ஏற்றிச் செல்ல முடிந்தது.

அந்தக் காலத்தில் அவர்களுக்குச் சுதந்திரம் இல்லை. ஸ்பெயின் நாட்டு மன்னர் அவர்களை ஆண்டார். வரிச்சுமை, மதக் கொடுமை இரண்டும் சேர்ந்து மக்களைக் கொதிக்க வைத்தன. 1568இல் கிளர்ச்சி தொடங்கியது. 1581இல், ‘இனி நீ எங்களுக்கு அரசன் இல்லை’ என்று அறிவித்தார்கள். சண்டை 1648 வரை, எண்பது ஆண்டுகள், இடைவெளி விட்டு விட்டு நடந்தது. கடைசியில் ஸ்பெயின் அவர்களுடைய விடுதலையை ஒப்புக்கொண்டது.

தன் விடுதலைக்காக மூன்று தலைமுறை போராடிய மக்கள் இவர்கள். அதே ஆண்டுகளில்தான் அடுத்தவர்களின் விடுதலையைப் பறிக்கவும் கிளம்பினார்கள். இந்தக் கதையில் மனத்தை உறுத்துவது அதுதான்.

வாசனைச் சரக்கைத் தேடி

மிளகு நம் கேரளத்தில் விளைந்தது. பட்டை இலங்கையில் விளைந்தது. கிராம்பு, இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே உள்ள மலுக்குத் தீவுகளில் விளைந்தது. ஜாதிக்காய் மட்டும் அதற்கும் தெற்கே, கடல் நடுவில் புள்ளிகளாகக் கிடக்கும் பண்டா தீவுகளில்தான் விளைந்தது. அன்றைக்கு உலகத்துக்கே ஜாதிக்காய் கொடுத்தது அந்தப் பத்துப் பதினோரு குட்டித் தீவுகள்தான்.

ஜாவாக்காரர், மலாய்க்காரர், குஜராத்தி வணிகர், அராபியர் என்று கை மாறி மாறி அந்தச் சரக்கு ஐரோப்பா போய்ச் சேரும். ஒவ்வொரு கையிலும் விலை ஏறும். 1498இல் போர்ச்சுகல் நாட்டின் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்குக் கடல் வழி கண்டுபிடித்தார். அதன்பின் போர்ச்சுகீசியர் சரக்கை நேராக லிஸ்பன் துறைமுகத்துக்குக் கொண்டு போனார்கள். லிஸ்பனில் வாங்கி வட ஐரோப்பாவில் விற்றவர்கள் டச்சுக்காரர்கள்.

1580இல் ஸ்பெயின் மன்னரே போர்ச்சுகலுக்கும் மன்னர் ஆனார். டச்சுக்காரர்களோ ஸ்பெயினோடு போரிட்டுக் கொண்டிருந்தார்கள். லிஸ்பன் வியாபாரத்துக்கு அடிக்கடி தடை வந்தது. ‘இடையில் இவர்கள் எதற்கு? நாமே நேராகப் போய் வாங்குவோம்’ என்று ஆம்ஸ்டர்டாம் நகர வணிகர்கள் நினைத்தார்கள்.

வழி தெரிய வேண்டுமே! போர்ச்சுகீசியர் கடல் வழிகளை இரகசியமாக வைத்திருந்தார்கள். ஆனால் லின்ஸ்கோட்டன் என்ற டச்சு இளைஞர் கோவாவில் தலைமைப் பாதிரியாரிடம் எழுத்தராக ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்திருந்தார். காற்று எப்போது வீசும், எந்தத் துறையில் என்ன கிடைக்கும் என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு ஊர் திரும்பினார். 1596இல் அதைப் புத்தகமாகவே வெளியிட்டார். போர்ச்சுகீசியர் நூறு ஆண்டுகள் காத்த இரகசியம் சந்தைக்கு வந்துவிட்டது.

1595இல் நான்கு டச்சுக் கப்பல்கள் புறப்பட்டிருந்தன. சுமார் 250 பேர் போனார்கள். 1597இல் மூன்று கப்பல்களில் திரும்பியவர்கள் நூறு பேர்கூட இல்லை. நோயும் சண்டையும் மற்றவர்களைக் கொண்டு போயின. இலாபமும் பெரிதாக இல்லை. ஆனால் வழி திறந்துவிட்டது. அடுத்து 1598இல் போனவர்கள் போட்ட பணத்தைப்போலப் பல மடங்கு கொண்டு வந்தார்கள். பிறகு சொல்லவா வேண்டும்? ஊருக்கு ஊர் கம்பெனி முளைத்தது.

பங்கு போட்ட வேலைக்காரப் பெண்

பல கம்பெனிகள் போட்டி போட்டு வாங்கினால் என்ன ஆகும்? வாங்கும் இடத்தில் விலை ஏறும். விற்கும் இடத்தில் விலை இறங்கும். ஆகவே 1602 மார்ச் 20ஆம் தேதி டச்சு அரசு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தது. அதுதான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. முதல் சுமார் 64 இலட்சம் கில்டர். கில்டர் என்பது அவர்கள் நாணயம்.

இந்தப் பணம் எப்படிச் சேர்ந்தது? ஓர் உதாரணம் பாருங்கள். மீனவர் குப்பத்தில் பத்துப் பேர் பணம் போட்டு ஒரு படகு வாங்குகிறார்கள். மீன் கிடைத்தால் போட்ட பணத்துக்குத் தக்கபடி இலாபம். படகு மூழ்கினால், போட்ட பணம் மட்டும்தான் போகும். வீடு வாசல் போகாது. ஒருவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால் படகை உடைக்க வேண்டியதில்லை. தன் பங்கை வேறொருவருக்கு விற்றுவிடலாம். இதையே நாடு முழுவதற்கும் பெரிதாகச் செய்தார்கள். பங்குகளை வாங்கவும் விற்கவும் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சந்தையே உருவானது. இன்றைய பங்குச் சந்தைகளுக்கு அது முன்னோடி.

பணம் போட்டவர்கள் பெரிய வணிகர்கள் மட்டும் இல்லை. ஒரு கம்பெனி இயக்குநர் வீட்டில் வேலை செய்த பெண், தன் சேமிப்பிலிருந்து 100 கில்டர் போட்டாள். அவள் பெயர் பங்குப் பதிவேட்டில் இன்றும் இருக்கிறது.

இதுவரை நல்ல ஏற்பாடுதான். ஆனால் அரசு இந்தக் கம்பெனிக்கு வியாபார உரிமையோடு இன்னும் சில உரிமைகளையும் எழுதிக் கொடுத்தது. கீழ்த்திசையில் கம்பெனி கோட்டை கட்டலாம். படை வைத்துக்கொள்ளலாம். மன்னர்களோடு ஒப்பந்தம் போடலாம். போரும் செய்யலாம். கடைக்காரன் கையில் தராசைக் கொடுத்ததோடு பீரங்கியையும் கொடுத்தாயிற்று. அதற்குமேல் பேரம் எப்படி நடக்கும்?

பழவேற்காட்டுத் துணி

கப்பல் வந்துவிட்டது. ஆனால் ஜாதிக்காய்க்கு மாற்றாக எதைக் கொடுப்பது? டச்சுக்காரர்களிடம் தடித்த கம்பளித் துணியும் வெல்வெட்டும் இருந்தன. வெயில் காயும் தீவுகளில் அதை யார் உடுத்துவார்கள்? தீவு மக்கள் விரும்பியது நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை. சாயவேரில் தோய்த்த சிவப்புத் துணி, கட்டம் போட்ட துணி, பூ எழுதிய துணி என்று அதில் பல வகை. பல நூற்றாண்டுகளாக அந்தத் துணி கிழக்குத் தீவுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே அது பணத்துக்குச் சமம்.

ஆகவே டச்சுக்காரர்கள் துணி தேடி இங்கே வந்தார்கள். முதலில் மசூலிப்பட்டினத்தில் பண்டகசாலை வைத்தார்கள். 1610இல் விஜயநகர மன்னர் வேங்கடபதியின் அனுமதியோடு பழவேற்காட்டில் இறங்கினார்கள். அது இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. 1612இல் போர்ச்சுகீசியர் அவர்களைத் தாக்கினார்கள். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள்.

ஐரோப்பாவிலிருந்து வெள்ளி வரும். வெள்ளி கொடுத்து இங்கே துணி வாங்குவார்கள். துணி கொடுத்துத் தீவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்குவார்கள். அதை ஐரோப்பாவில் விற்று மறுபடி வெள்ளி சேர்ப்பார்கள். நம் நெசவாளியின் தறி நடுவில் இல்லாவிட்டால் இந்தச் சக்கரம் சுற்றாது. ஆனாலும் சக்கரத்தின் இலாபத்தில் தறிக்காரருக்கு எவ்வளவு கிடைத்தது என்று நெசவுத் தொழில் செய்பவர்களைக் கேட்டால் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

1621, பண்டா தீவுகள்

இப்போது கதை பண்டா தீவுகளுக்குப் போகிறது.

ஜாதிக்காய் மரம் ஆண்டு முழுவதும் பச்சை மாறாத மரம். பழம் மஞ்சளாக இருக்கும். பழுத்தால் இரண்டாக வெடிக்கும். உள்ளே சிவப்பு வலை போர்த்திய கொட்டை தெரியும். அந்தச் சிவப்பு வலைதான் ஜாதிபத்திரி. கொட்டையை உடைத்தால் உள்ளே ஜாதிக்காய்.

பண்டா மக்களுக்கு அரசன் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள். நெல் விளையாத ஊர். அரிசியும் சவ்வரிசி மாவும் வெளியிலிருந்து வர வேண்டும். ஜாவாக்காரரும் மலாய்க்காரரும் அரிசியும் துணியும் கொண்டு வந்து கொடுத்து ஜாதிக்காய் வாங்கிப் போவார்கள். ஆகவே யார் வந்தாலும் விற்பது அவர்களுக்குப் பழக்கம் மட்டும் இல்லை, பிழைப்பே அதுதான்.

டச்சுக்காரர்கள் வந்து, ‘எங்களுக்கு மட்டும் விற்க வேண்டும்; விலையும் நாங்கள் சொல்வதுதான்’ என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1602இல் சில தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். எல்லாத் தீவின் தலைவர்களும் அதில் இல்லை. டச்சுக் கப்பல் போதிய அரிசி கொண்டு வராது. பட்டினி கிடக்க முடியுமா? மக்கள் பழையபடி ஜாவாக்காரருக்கும், புதிதாக வந்த ஆங்கிலேயருக்கும் விற்றார்கள். ‘ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள்’ என்றது கம்பெனி. 1609இல் கம்பெனி அங்கே கோட்டை கட்டத் தொடங்கியது. பேச்சு வார்த்தைக்குப் போன டச்சுத் தளபதியைப் பண்டா மக்கள் கொன்றுவிட்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் சண்டையும் சமாதானமும் மாறி மாறி வந்தன.

அந்தத் தளபதியோடு போன இளைய அலுவலர்களில் ஒருவர் யான் பீட்டர்ஸூன் கூன். பின்னர் அவர் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் ஆனார். 1619இல் ஜாவாவில் ஜயகர்த்தா என்ற நகரை எரித்து, அதே இடத்தில் பட்டேவியா என்ற நகரைக் கட்டினார். இன்றைய ஜகார்த்தா அதுதான். போர் இல்லாமல் வியாபாரம் இல்லை, வியாபாரம் இல்லாமல் போர் இல்லை என்பது கூன் தம் இயக்குநர்களுக்கு எழுதிய கருத்து.

1621இல் கூன் பண்டாவுக்குப் படையோடு வந்தார். சுமார் 1,600 டச்சு வீரர்கள் இருந்தார்கள். கூலிக்குச் சண்டை போடும் ஜப்பானியர்களும் இருந்தார்கள். லோந்தோர் என்ற பெரிய தீவைப் பிடித்தார்கள். தலைவர்கள் பணிந்தார்கள். ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள், கொஞ்சம் ஒப்படைத்தார்கள். செலாமோன் என்ற ஊரின் மசூதியில் டச்சு அதிகாரி தங்கியிருந்தார். ஒரு நாள் இரவு அங்கே தொங்கிய விளக்கு கீழே விழுந்தது. அவ்வளவுதான். ‘தாக்குதலுக்கு இது அடையாளம்’ என்று அதிகாரி பயந்தார். சிப்பாய்கள் இருட்டில் சுட்டார்கள். மக்கள் மலைக்கு ஓடினார்கள்.

பிறகு நடந்ததைப் போர் என்று சொல்வது கஷ்டம். தலைவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து, சதி செய்ததாக ஒப்புக்கொள்ள வைத்தார்கள். மே 8ஆம் தேதி நாற்பதுக்கும் மேற்பட்ட தலைவர்களை மூங்கில் வேலிக்குள் அடைத்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. ஜப்பானியக் கூலி வீரர்கள் உள்ளே போய் வாளால் வெட்டினார்கள். அதைக் கண்ட டச்சுக்காரர் ஒருவரே வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். மலையில் ஒளிந்தவர்களைச் சுற்றி வளைத்தார்கள். பட்டினியால் பலர் இறந்தார்கள். பாறையிலிருந்து குதித்து உயிரை விட்டவர்களும் உண்டு. சுமார் 800 பேரை, கிழவர் குழந்தை உட்பட, பட்டேவியாவுக்கு அடிமைகளாக ஏற்றினார்கள்.

போருக்கு முன் பண்டா தீவுகளில் சுமார் 15,000 பேர் இருந்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். பின்னர் அங்கே மிஞ்சியவர்கள் சுமார் ஆயிரம் பேர்.

கம்பெனி இயக்குநர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் கொஞ்சம் மென்மையாக நடந்திருக்கலாம் என்று கடிதம் எழுதினார்கள். பின்னர் கூனை இரண்டாம் முறையும் கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள். நூறு கில்டர் போட்ட அந்த வேலைக்காரப் பெண்ணைப்போல எத்தனையோ சாதாரண மக்கள் பங்கு வைத்திருந்தார்கள். தங்கள் கைக்கு வந்த இலாபம் எங்கிருந்து வந்தது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆள் இல்லாத தோட்டத்துக்கு ஆள்

மக்களை அழித்தாயிற்று. காயை யார் பறிப்பது? கம்பெனி தோட்டங்களை 68 துண்டுகளாகப் பிரித்து டச்சுக்காரர்களுக்குக் கொடுத்தது. வேலைக்கு அடிமைகளைக் கொண்டு வந்தது. அந்த அடிமைகள் பல தீவுகளிலிருந்து வந்தார்கள். இந்தியக் கரையிலிருந்தும் வந்தார்கள்.

பழவேற்காடு, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து துணி மட்டும் ஏறவில்லை, மனிதர்களும் ஏறினார்கள். பஞ்ச காலத்தில் ஒரு வேளைக் கஞ்சிக்காகத் தன்னையும் பிள்ளைகளையும் விற்ற குடும்பங்கள் உண்டு. ஆள் பிடிப்பவர்களிடம் சிக்கியவர்களும் உண்டு. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதியில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தன. அந்த மூன்று ஆண்டுகளில் மட்டும் பல ஆயிரம் பேர் டச்சுக் கப்பல்களில் பட்டேவியாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். மழை நன்றாகப் பெய்து நெல் விளைந்த ஆண்டுகளில் அடிமைக் கப்பலுக்கு ஆள் கிடைக்கவில்லை. கம்பெனியின் கணக்கைப் பார்த்து நம் ஊர்ப் பஞ்சத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

கம்பெனிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்த வெள்ளைக்கார ஏழைகளின் கதையும் நல்ல கதை இல்லை. வேலை தேடி ஆம்ஸ்டர்டாம் வந்தவர்களுக்குச் சாப்பாடும் இடமும் கடனாகக் கொடுத்து, பிறகு கப்பலில் ஏற்றிவிடும் தரகர்கள் இருந்தார்கள். அந்தக் கடன் சம்பளத்தில் பிடிக்கப்படும். ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளில் சுமார் 10 இலட்சம் பேர் கம்பெனிக் கப்பல்களில் ஆசியாவுக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் பாதிப் பேர்கூட ஊர் திரும்பவில்லை.

கடலெங்கும் கொடி

1624இல் தைவானில் கோட்டை. 1641இல் மலாக்கா. அதே ஆண்டு முதல் ஜப்பானின் நாகசாகியில் வியாபாரம் செய்ய ஐரோப்பியரில் டச்சுக்காரருக்கு மட்டுமே அனுமதி. 1652இல் ஆப்பிரிக்காவின் தென்முனை. 1656இல் கொழும்பு. 1658இல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும். 1663இல் கொச்சி. பெரும்பாலும் போர்ச்சுகீசியரிடமிருந்து பறித்தவை. மேற்கே 1621இல் இன்னொரு கம்பெனி தொடங்கினார்கள். அது பிரேசிலில் கரும்பு நிலங்களைப் பிடித்தது. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றி விற்றது.

ஆம்ஸ்டர்டாம் செழித்தது. கால்வாய் ஓரமெல்லாம் மாளிகைகள் எழுந்தன. ஓவியர்களும் அறிவியல் அறிஞர்களும் பெருகினார்கள். வேறு நாடுகளில் அச்சிட முடியாத புத்தகங்களை அங்கே அச்சிட்டார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? 1652 முதல் 1674க்குள் இரு நாடுகளுக்கும் மூன்று கடற்போர்கள் நடந்தன. 1667இல் டச்சுக் கடற்படை இங்கிலாந்தின் மெட்வே ஆற்றுக்குள்ளேயே புகுந்து கப்பல்களை எரித்தது. அந்த ஆண்டு பிரெடா நகரில் சமாதானம் ஆனது. ‘அவரவர் பிடித்ததை அவரவர் வைத்துக்கொள்ளலாம்’ என்று முடிவு. பண்டாவில் ரன் என்ற தீவு டச்சுக்காரரிடம் நின்றது. அதன் நீளம் மூன்று கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் இழந்திருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் ஆங்கிலேயரிடம் நின்றது. அந்த ஊர்தான் இன்றைய நியூயார்க். அன்றைக்கு இதை டச்சுக்காரர்களுக்கு நஷ்டம் என்று யாரும் நினைக்கவில்லை. ஜாதிக்காய்க்கு அவ்வளவு மதிப்பு.

இறங்குமுகம்

விலை இறங்கக் கூடாது என்பதற்காக, தங்கள் காவலுக்கு வெளியே இருந்த கிராம்பு மரங்களைக் கம்பெனி ஆட்கள் தீவு தீவாகப் போய் வெட்டிச் சாய்த்தார்கள். ஜாதிக்காய் முளைக்காமல் இருக்கச் சுண்ணாம்பில் தோய்த்து அனுப்பினார்கள். காவலுக்குக் கோட்டை, கோட்டைக்குச் சிப்பாய், சிப்பாய்க்குச் சம்பளம். செலவு ஏறிக்கொண்டே போனது. கம்பெனி அதிகாரிகள் திருட்டு வியாபாரம் செய்து தங்கள் பையை நிரப்பினார்கள். ஐரோப்பாவிலும் மக்களின் ருசி மாறியது. தேயிலையும் காப்பியும் துணியும் பெரிய சரக்குகள் ஆயின.

1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. குளச்சல் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. கேரள மிளகை மொத்தமாகப் பிடிக்கும் ஆசை அங்கே முடிந்தது. பிடிபட்ட தளபதி டி லனாய், பின்னர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது.

1780இல் தொடங்கிய நான்காவது ஆங்கிலேயப் போர் கம்பெனியின் முதுகை ஒடித்தது. 1781இல் நாகப்பட்டினம் போனது. 1799 கடைசி நாளோடு கம்பெனியே கலைந்தது. மிஞ்சியது பெருங்கடன். இதற்கிடையில் ஆங்கிலேயர் பண்டாவைப் பிடித்து ஜாதிக்காய் நாற்றுகளைப் பினாங்குக்கும் வேறு இடங்களுக்கும் கொண்டு போனார்கள். இன்று கேரளத்திலும் ஜாதிக்காய் விளைகிறது. மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவின் தேசியக் கொடியிலேயே ஜாதிக்காய் இருக்கிறது.

கம்பெனி போனாலும் ஆட்சி போகவில்லை. டச்சு அரசே இந்தோனேசியாவை ஆண்டது. பண்டா தீவு, நாடு கடத்தும் இடம் ஆனது. 1936இல் ஹத்தா, ஷாரிர் என்ற இரண்டு விடுதலைப் போராட்டத் தலைவர்களை அங்கே கொண்டு விட்டார்கள். ஆறு ஆண்டுகள் அங்கே இருந்த அவர்கள் தீவுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1945 ஆகஸ்ட் 17இல் சுகர்ணோவும் ஹத்தாவும் இந்தோனேசியாவின் விடுதலையை அறிவித்தார்கள். ஷாரிர் முதல் பிரதமர் ஆனார். டச்சு அரசு படை அனுப்பி நான்கு ஆண்டுகள் சண்டை போட்டது. 1949 டிசம்பரில்தான் ஒப்புக்கொண்டு விலகியது. அந்தப் போரில் நடந்த கொடுமைகளுக்காக 2022 பிப்ரவரியில் டச்சுப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு டிசம்பரில் அடிமை வியாபாரத்துக்காகவும் மன்னிப்புக் கேட்டார். 2023 ஜூலையில் அந்நாட்டு மன்னரும் கேட்டார்.

கூனின் சொந்த ஊரான ஹோர்னில் அவருக்கு 1893இல் வைத்த சிலை நிற்கிறது. பல ஆண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு, பண்டாவில் அவர் செய்ததையும் சொல்லும் பலகை ஒன்றை அதன் அடியில் வைத்தார்கள். சிலையை எடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

பழவேற்காட்டில் கோட்டை இடிந்து மண்மேடாகிவிட்டது. கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கிய கல். உள்ளே டச்சு எழுத்து வெட்டிய கல்லறைகள். யார், எந்த ஊர், எந்த ஆண்டு இறந்தார் என்று விவரமாக வெட்டியிருக்கிறார்கள். அதே கரையிலிருந்து கப்பல் ஏறிய அடிமைகளுக்குக் கல் இல்லை. டச்சுக் கம்பெனியின் ஏடுகள் ஹேக் நகரிலும், சென்னையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. அடிமைகள் பெரும்பாலும் அதில் எண்ணிக்கையாகவே வருகிறார்கள்.

பண்டா மக்கள்? 1621இல் படகேறித் தப்பியவர்களில் சிலர் கிழக்கே கேய் தீவுகளில் கரை சேர்ந்தார்கள். அங்கே பண்டா எலி, பண்டா எலாத் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களில் பழைய பண்டா மொழியை இன்றும் பேசுகிறார்கள். பண்டா தீவுகளில் இப்போது வாழ்பவர்கள் பேசுவது மலாய் மொழி.